நாரிநோவும் படமும் கத்தியும்

(எமது சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)



நாட்பட்ட நாரிநோவுக்குச் சத்திரசிகிச்சை செய்யும்போது, உடலின் உட்புறத்தைக் காட்டும் படங்கள் எவ்வளவு தூரம் வழிகாட்ட வல்லன என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நான் வைத்தியன் அல்லன். பல்கலைக்கழகத்திற் பௌதிகம் பயிலும் ஒரு மாணவன். ஆதலால் இன்ன மருந்தை உண்ணுங்கள், இன்ன சிகிச்சையைப் பெறுங்கள் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆயினும் அந்தப் படங்களை எடுக்கும் கருவிகள் யாவும் பௌதிக சாத்திரம் பெற்ற பிள்ளைகள். அவை எதைக் காட்டும், எதைக் காட்டமாட்டா என்று எடுத்துரைக்கும் கடமை எம்போன்ற மாணவருக்கு உண்டு என்று எண்ணியே இம்மேடையில் நிற்கத் துணிந்தேன்.

நாரிநோவை அறியாத வீடு இல்லை. குனிந்து மண் கொத்துபவருக்கும் அது வரும். கதிரையில் அமர்ந்து கணக்கெழுதுபவருக்கும் அது வரும். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 61 கோடியே 90 இலட்சம் பேர் இந்நோவினால் வருந்தினர் என ஆய்வாளர் கணித்துள்ளனர். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் நோவு தணிந்துவிடும். மூன்று மாதங்களுக்கு மேலும் விடாது நிற்பதையே நாட்பட்ட நோவு என்பர். அவ்வாறு நின்றதும் வீட்டார், "ஒரு ஸ்கான் எடுத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்" என்கிறார்கள். படம் வருகிறது, அதனோடு ஓர் அறிக்கையும் வருகிறது. வட்டுத் தேய்ந்துள்ளது, வட்டுப் பிதுங்கியுள்ளது என்று அதில் எழுதியிருக்கிறது. அன்று தொட்டு அவ்வீட்டில் நித்திரை இல்லை. "வெட்டினால்தான் சுகம்" என்பார் ஒருவர். "வெட்டினால் எழுந்து நடக்கமாட்டாய்" என்பார் மற்றவர். நகையை அடைவு வைப்பதா, காணியை ஈடு வைப்பதா என்ற பேச்சும் எழுகின்றது. இவ்வளவும் ஒரு படத்தை நம்பி நடப்பதனால், அப்படத்தின் வல்லமையையும் எல்லையையும் அறிந்துகொள்வது எமக்கு அவசியமாகின்றது.

முதலில் நாரியின் அமைப்பைச் சுருக்கமாகப் பார்ப்போம். எமது முள்ளந்தண்டின் நாரிப் பகுதியில் ஐந்து முள்ளென்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே, இடுப்பென்புகளின் நடுவே, திருவென்பு இருக்கின்றது. ஒவ்வோர் இரு முள்ளென்புகளுக்கும் இடையே ஒரு வட்டு உண்டு. 'டிஸ்க்' என்று எல்லாரும் சொல்வது இதனையே. அதன் புறம் உறுதியான நார்வளையம். அதன் அகம் நுங்கு போன்ற மென்பொருள். இளமையில் அம்மென்பொருளின் பெரும்பகுதி நீர்தான். வயது ஏற ஏற நீர் வற்றுகின்றது, வட்டுத் தட்டையாகின்றது. தலைமயிர் நரைப்பதைப்போல இதுவும் இயற்கையே. வட்டுகளின் பின்புறமாகக் கால்களுக்குச் செல்லும் நரம்புகள் இறங்குகின்றன. வட்டின் நார்வளையம் கிழிந்து அகத்துள்ள மென்பொருள் வெளியே தள்ளினால், அது ஒரு நரம்பின் வேரை அழுத்தக்கூடும்.

உயிருள்ள மனிதனின் உள்ளே இருக்கும் என்புகளை வெட்டாமற் பார்ப்பதற்கு 1895ஆம் ஆண்டு வரை வழியே இருக்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் 8ஆம் திகதி ஜேர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரில் றொன்ட்ஜன் என்னும் பௌதிக பேராசிரியர் எக்ஸ்-கதிர்களைக் கண்டார். 1901இல் பௌதிகத்துக்கான முதலாவது நொபெல் பரிசும் அவருக்கே வழங்கப்பட்டது. எனினும் எக்ஸ்-கதிர்ப் படம் என்பைக் காட்டுமேயன்றி நரம்பையும் வட்டையும் காட்டாது. 1920களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரில் சிக்கார், பொறெஸ்தியே என்னும் வைத்தியர்கள் அயடீன் கலந்த எண்ணெயை முள்ளந்தண்டின் குழாயினுட் செலுத்திப் படம் பிடிக்கும் முறையைக் கண்டனர். எண்ணெய் தடைப்பட்டு நிற்கும் இடத்தில் ஏதோ அழுத்துகின்றது என்று ஊகித்தனர்.

பின்னர் 1934ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து வைத்தியர்களான மிக்ஸ்ரரும் பாரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நரம்பை அழுத்தும் கட்டிகள் என்று அதுவரை கருதி வெட்டியெடுக்கப்பட்டவற்றுட் பல, உண்மையில் வெளியே தள்ளிய வட்டின் துண்டுகளே என்று அவர்கள் காட்டினர். நாரியிலிருந்து காலுக்கு இறங்கும் நோவின் காரணம் தெளிவாகியது. அதனை நீக்கும் சத்திரசிகிச்சையும் உலகெங்கும் பரவியது.

1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் திகதி லண்டனில் ஹவுன்ஸ்பீல்ட் என்பவரின் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைக் குறுக்குவெட்டுப் படமாகக் காட்டியது. அதுவே சி.ரி. ஸ்கான். 1973இல் அமெரிக்கரான லோற்றர்பர், காந்தத்தைக் கொண்டு படம் எடுக்கலாம் என்று காட்டினார். இங்கிலாந்தின் மான்ஸ்பீல்ட் அம்முறையை மேலும் வளர்த்தார். இவ்விருவரும் 2003இல் நொபெல் பரிசு பெற்றனர். எம்.ஆர்.ஐ. என்பது இதுவே. பாடசாலை ஆய்வுகூடத்திற் காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வரிசையாக நிற்பதைக் கண்டிருக்கிறோம். ஏறக்குறைய அவ்வாறே, பூமியின் காந்தப்புலத்தைப்போல் 30,000 மடங்கு வலிய ஒரு புலத்தில், எமது உடல் நீரின் ஐதரசன் அணுக்கருக்கள் ஒழுங்குபடுகின்றன. வானொலி அலையால் அவற்றைத் தட்டினால் அவை திருப்பி ஒரு குரல் கொடுக்கின்றன. அக்குரலைக் கணினி படமாக வரைகின்றது. இப்படத்திலே நீர் நிறைந்த வட்டு வெள்ளையாகவும் நீர் வற்றிய வட்டுக் கரியதாகவும் தோன்றும்.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்தக் கருவி கேட்டது நீரின் குரலை. நோவின் குரல் எந்தக் காந்தத்துக்கும் கேட்பதில்லை. வட்டுக் கரியதாக இருக்கின்றது என்று படம் சொல்கிறது. அந்தக் கரிய வட்டுத்தான் நோகின்றது என்று சொல்பவர், படத்தைப் பார்க்கும் மனிதர். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம், பிழையாகவும் இருக்கலாம்.

இதனைச் சோதிக்க அறிஞர்கள் ஓர் எளிய வழியைக் கையாண்டனர். நாரிநோவே இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்தனர். 1990இல் போடன் என்பாரும் அவர்தம் கூட்டாளிகளும், வாழ்நாளில் நாரிநோவோ கால்நரம்பு நோவோ கண்டிராத 67 பேரைப் படம் எடுத்தனர். நரம்புப் படங்களிற் கைதேர்ந்த மூவர் அப்படங்களைத் தனித்தனியே பரிசோதித்தனர். 60 வயதுக்குக் குறைந்தவருள் நூற்றுக்கு 20 பேருக்கு வட்டு வெளித்தள்ளி இருந்தது. 60 வயதும் அதற்கு மேலும் ஆனவருள் நூற்றுக்கு 57 பேரின் படங்கள் பழுதுள்ளவையாகக் காணப்பட்டன. 1994இல் ஜென்சன் என்பாரின் குழுவினர் நோவில்லாத 98 பேரைப் பரிசோதித்தனர். அவர்களுள் நூற்றுக்கு 36 பேருக்கு மட்டுமே எல்லா வட்டுகளும் குறைவற இருந்தன. 2015இல் இத்தகைய 33 ஆய்வுகளைத் திரட்டி, நோவற்ற 3,110 பேரின் படங்களை ஒருங்கே நோக்கினர். 20 வயதினரிலேயே நூற்றுக்கு 37 பேருக்கு வட்டுத் தேய்வு தென்பட்டது. 80 வயதினரில் அத்தொகை 96.

வாலிப நண்பர்களே, இந்தக் கணக்கை நாம் நினைவில் வைக்க வேண்டும். இந்த மண்டபத்தில் நோவின்றி அமர்ந்திருக்கும் எம்மிற் பலரைப் படம் எடுத்தால், எமக்கும் அச்சமூட்டும் ஓர் அறிக்கை வந்து சேரும். அவ்வறிக்கை பொய்யன்று. வட்டு உண்மையிலே தேய்ந்தே இருக்கும். அதை நோவின் காரணமெனக் கொள்வதிலேதான் பிழை நேருகின்றது.

அப்படியாயின் படம் பயனற்றதா? ஒருபோதும் இல்லை. ஒருவருக்கு நாரியிலிருந்து ஒரு கால் வழியே கீழே இறங்கும் நோவு இருக்கிறது என வைத்துக்கொள்வோம். வைத்தியர் அவரை மல்லாந்து படுக்கச் செய்து, முழங்காலை மடியாது காலை உயர்த்துகிறார். நோவு மின்னல்போற் காலில் ஓடுகின்றது. பெருவிரலை நிமிர்த்தும் வலு குறைந்திருக்கிறது. அது நாரியின் ஐந்தாம் நரம்பின் குறி. படம் எடுக்கிறார்கள், அதே பக்கத்தில், அதே நரம்பின்மேல், வட்டின் துண்டு ஒன்று அழுத்திக்கொண்டிருக்கிறது. நோயாளியின் வாய்மொழி, வைத்தியரின் பரிசோதனை, படம் ஆகிய மூன்று சாட்சிகளும் ஒரே வாக்குமூலம் கூறுகின்றன. நோவு வாரக்கணக்கிற் தணியாது நின்றால், அந்தத் துண்டை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு இப்படம் நல்ல வழிகாட்டி. வயோதிபரின் நரம்புக் குழாய் ஒடுங்கி, சிறிது தூரம் நடந்ததும் கால்கள் கனத்து நின்றுவிடும் நோயிலும், மூன்று சாட்சிகளும் ஒத்தால் படம் பெரிதும் உதவும்.

அங்கேயும் அவசரம் வேண்டியதில்லை. ஒல்லாந்து நாட்டில் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கடுமையான கால்நரம்பு நோவுற்ற 283 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு விரைவிற் சத்திரசிகிச்சை செய்தனர். மற்றப் பிரிவினரைப் பொறுத்திருக்கச் செய்து, தேவையானோருக்கு மட்டும் பின்னர் செய்தனர். முதற் பிரிவினருக்கு நோவு விரைவில் நீங்கியது உண்மை. ஆயினும் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் நூற்றுக்கு 95 பேர் சுகமடைந்திருந்தனர். அந்நோயாளரை ஓராண்டின் பின் மீண்டும் படம் எடுத்தபோது இன்னொரு விந்தை தெரிந்தது. சுகமடைந்தோருள் நூற்றுக்கு 35 பேரின் படத்திலும், சுகமடையாதோருள் நூற்றுக்கு 33 பேரின் படத்திலும் வட்டின் பிதுக்கம் காணப்பட்டது. சுகம் கண்டவர் யார், காணாதவர் யார் என்று படத்தைக் கொண்டு பிரித்தறிய முடியவில்லை.

இனி, கால்நோவு இன்றி நாரியில் மட்டும் நாட்பட்டு நிற்கும் நோவைப் பார்ப்போம். பலரின் துன்பம் இதுவே. படத்தின் வழிகாட்டல் தளர்ந்து போவதும் இங்கேயே. தேய்ந்த வட்டின் மேலும் கீழுமுள்ள முள்ளென்புகளைத் திருகாணிகள் இட்டு ஒன்றாக இணைத்துவிட்டால் அசைவு நிற்கும், அசைவு நின்றால் நோவு நிற்கும் என்ற எண்ணத்திற் செய்யப்படுவது என்பிணைப்புச் சத்திரசிகிச்சை. எந்த வட்டு நோகின்றது என்று கண்டுபிடிக்க, எக்ஸ்-கதிரின் துணையோடு வட்டினுள் ஊசியேற்றித் திரவம் செலுத்தி, "உங்கள் நோவு இதுதானா?" என்று வினவும் முறையும் 1948 முதல் உண்டு. ஆனால் அவ்வாறு ஊசி ஏற்றப்பட்ட வட்டுகள், ஏற்றப்படாதவற்றிலும் பார்க்கப் பத்தாண்டுகளின் பின் அதிகமாகத் தேய்ந்திருந்தன என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது.

என்பிணைப்பின் பலனை மூன்று நாடுகள் முறையாகச் சோதித்தன. 2001இல் சுவீடனில் 294 நோயாளரைக் கொண்ட ஆய்வு வெளியாயிற்று. ஈராண்டின் பின் சத்திரசிகிச்சை பெற்றோரின் நாரிநோவு 33 வீதமும், வழக்கமான சிகிச்சை பெற்றோரின் நோவு 7 வீதமும் குறைந்திருந்தன. இது சத்திரசிகிச்சைக்குச் சார்பான சாட்சி. அதனை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் 2003இல் நோர்வேயில், கீழ் வட்டுகள் தேய்ந்து காணப்பட்ட 64 பேரை ஆய்ந்தபோது, ஒரு பிரிவினருக்கு என்பிணைப்பும், மற்றப் பிரிவினருக்கு நோவின் இயல்பை விளக்கி அச்சம் நீக்கும் போதனையும் ஒழுங்கான தேகாப்பியாசமும் அளித்தனர். ஓராண்டின் பின் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தனர். 2005இல் பிரித்தானியாவில் 349 பேரைக் கொண்ட ஆய்விலும், தீவிரமான பயிற்சி பெற்றோருக்கும் சத்திரசிகிச்சை பெற்றோருக்கும் இடையிலான வேறுபாடு நூறு புள்ளி அளவையில் நான்கு புள்ளி மட்டுமே. சாதாரண சிகிச்சையோடு ஒப்பிட்டாற் கத்தி வெல்கின்றது. நன்கு திட்டமிட்ட பயிற்சியோடு ஒப்பிட்டால் அதன் வெற்றி மங்குகின்றது. இவற்றை ஆராய்ந்த பிரித்தானியாவின் சுகாதார வழிகாட்டல் நிறுவனம் 2016இல், ஆய்வின் பகுதியாக அன்றி நாரிநோவுக்கு மட்டும் என்பிணைப்புச் செய்யவேண்டாம் என்று அறிவுறுத்தியது.

படம் எடுப்பதில் என்ன நட்டம், எடுத்துப் பார்த்தால் மனம் ஆறுமே என்று சிலர் கேட்கலாம். 2003இல் அமெரிக்காவில் 380 நாரிநோவாளரைக் கொண்டு இதையும் சோதித்தனர். பாதிப்பேருக்குச் சாதாரண எக்ஸ்-கதிர்ப் படம், பாதிப்பேருக்கு எம்.ஆர்.ஐ. ஓராண்டின் பின் இரு சாராரின் சுகமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் எக்ஸ்-கதிர்ப் பிரிவில் 4 பேரும், எம்.ஆர்.ஐ. பிரிவில் 10 பேரும் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டிருந்தனர். தொகை சிறிதாயினும் அது தரும் எச்சரிக்கை சிறிதன்று. கண்ணாற் கண்ட குறையைக் களையாது விட மனித மனம் இலகுவில் ஒப்புவதில்லை.

சத்திரசிகிச்சைக் கூடத்தினுட் படம் செய்யும் தொண்டையும் சொல்லியாக வேண்டும். தோலைத் திறந்து பார்த்தால் ஒரு முள்ளென்புக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் தெரியாது. எனவே அங்கேயே எக்ஸ்-கதிர்க் கருவியை வைத்து, திருவென்பிலிருந்து மேல்நோக்கி எண்ணி, உரிய இடத்தை நிச்சயிக்கிறார்கள். சிலருக்கு ஐந்தாம் முள்ளென்பு திருவென்போடு ஒட்டியிருக்கும், எண்ணிக்கை தவறிவிடும். இதனால் முன்னர் எடுத்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மிக முக்கியம். திருகாணி செல்லும் வழியின் அருகிலேயே நரம்பு இருப்பதால், சி.ரி. படத்தையும் கணினியையும் இணைத்துத் திருகாணியின் பாதையைக் காட்டும் கருவிகளும் இன்று உண்டு. அவை திருகாணியைச் செம்மையாகச் செலுத்த உதவுகின்றன. எனினும், செம்மையாகச் செலுத்திய திருகாணி, அந்தத் திருகாணி வேண்டியிருந்ததா என்ற கேள்விக்கு விடையாகாது. எங்கே வெட்டுவது என்று படம் சொல்லும். வெட்டத்தான் வேண்டுமா என்று அது தனித்து நின்று சொல்லாது. நான் சொல்ல வந்ததன் சாரம் இதுவே.

எனது பேச்சைக் கேட்டு யாரும் படமே வேண்டாம் என்று வாளாவிருந்துவிடக் கூடாது. சில குறிகள் தோன்றினால் ஒரு நாளும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். சலம் கழிக்க முடியாமற் போதல் அல்லது மலசலம் அடக்க முடியாமற் போதல், இருக்கையிற் படும் பகுதி மரத்துப்போதல், கால்கள் வலுவிழத்தல் ஆகியவை நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறிகள். அங்கே விரைவிற் படமெடுத்து விரைவிற் சத்திரசிகிச்சை செய்வது ஒருவரின் வாழ்வைக் காக்கும். நாரிநோவோடு விடாத காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், முன்னர் புற்றுநோய் கண்டமை, விழுந்து அடிபட்டமை ஆகியன இருந்தாலும் படம் இன்றியமையாதது. முள்ளந்தண்டைப் பற்றும் கசநோயையும் நாம் மறக்கலாகாது.

இக்குறிகள் இல்லாத நாட்பட்ட நாரிநோவுக்கு, 2023இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, நோயைப் பற்றிய தெளிவான போதனை, தேகாப்பியாசம், மனத்துக்கு உறுதி தரும் சிகிச்சை முதலியவற்றைப் பரிந்துரைத்தது. நாரிப்பட்டி கட்டுவதையும் பாரம் தொங்கவிட்டு இழுப்பதையும் அது ஆதரிக்கவில்லை. தேய்ந்துவிட்டது என்ற சொல்லைக் கேட்டுப் படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் தசைகள் மேலும் தளரும், நோவும் வளரும். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. சித்திரத்தைப் பார்த்து அஞ்சிச் சுவரைக் கைவிடுவோர் நாமாக இருத்தலாகாது.

வாலிப நண்பர்களே, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். எமது வீட்டுப் பெரியோர் வைத்தியரிடம் போகும்போது படத்தை மட்டும் அவர்கள் கையிற் கொடுத்து அனுப்பாதீர்கள், கூடச் செல்லுங்கள். சத்திரசிகிச்சை என்ற பேச்சு எழுந்தால், மரியாதையோடு சில கேள்விகள் கேளுங்கள். படத்திற் காணும் குறையும் நோவு இருக்கும் இடமும் பரிசோதனையின் முடிவும் ஒத்துப்போகின்றனவா? இந்தச் சிகிச்சை கால்நோவை நீக்கவா, நாரிநோவை நீக்கவா? ஒழுங்கான பயிற்சியைப் போதிய காலம் செய்து பார்த்தாயிற்றா? செய்தாற் பெறக்கூடிய நன்மை எவ்வளவு, நேரக்கூடிய தீங்கு எவ்வளவு? இப்பொழுது செய்யாது பொறுத்திருந்தால் என்ன ஆகும்? நல்ல வைத்தியர் எவரும் இக்கேள்விகளைக் கேட்டுக் கோபிக்கமாட்டார். நோயாளியின் கதையைப் பொறுமையாகக் கேட்டு, உடலைத் தொட்டுப் பார்த்து, அதன்பின் படத்தை நோக்குபவரே அத்தகைய வைத்தியர்.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் நோவு படத்திற் தெரியாவிட்டால் அது பொய்யாகிவிடாது. படத்திற் தேய்வு தெரிந்தால் உங்கள் வாழ்வு முடிந்தும் விடாது. கருவிகள் மேலும் வளரும். படங்கள் மேலும் தெளிவாகும். அவை தெளிவாகத் தெளிவாக, அவற்றை மற்ற இரு சாட்சிகளோடும் வைத்து நிறுத்துப் பார்க்கும் நிதானமும் எம்மிடம் வளரவேண்டும்.